வாலும் காதும்

கோரையாற்றுக்குத் தெற்கே அரை வேலி சம்பா,
பொதி கட்டும் பருவம்.
கூண்டுக்குள் கருவாட்டுத் துண்டு வைத்து
மூன்று இரவில் நாற்பத்தெட்டு எலி பிடித்தேன்.
ஒவ்வொன்றின் இடது காதிலும்
நெல்மணி அளவில் ஒரு தகடு, அதில் ஓர் எண்.
கடித்துவிட்டு ஓடின. ஓடட்டும்.
மோரில் உப்பாக
அவை தம் இனத்தில் கரைய வேண்டும்.

வாரம் கழித்து மறுபடியும் கூண்டு.
நாற்பது சிக்கின, எட்டுக் காதில் தகடு.
ஐந்தில் ஒன்று என்னுடையது என்றால்
மொத்தம் இருநூற்று நாற்பது.
கண்ணால் பார்த்தது எண்பது.
மிச்சம் நூற்றறுபதும்
முழங்காலில் வைத்த நோட்டில்
வகுத்தலில் பிறந்தவை.

இந்தக் கணக்கு பலிக்க
அந்த ஒரு வாரம் வயலில்
யாரும் பிறக்கக் கூடாது, சாகக் கூடாது,
வரக் கூடாது, போகக் கூடாது.
அப்படி ஒரு வாரம்
எந்த ஊருக்கு வாய்த்திருக்கிறது?

பக்கிரிசாமி மூங்கில் கிட்டிகளோடு
அதே வரப்பில்தான் அலைந்திருக்கிறார்.
நிலக்காரர் வாலுக்குக் காசு தருகிறார்.
வால் பையில், மற்றது காக்கைக்கு.
"காதுல என்னமோ மினுங்குச்சு, எடுத்து வச்சேன்" என்று
வெற்றிலைப் பொட்டலம் பிரித்தார்.
பன்னிரண்டு தகடுகள், சுண்ணாம்புக் கறையோடு.

நாற்பத்தெட்டை அடித்து முப்பத்தாறு என்று எழுதினேன்.
இருநூற்று நாற்பது நூற்றெண்பது ஆனது.
அப்படியானால் செத்தது அறுபது.
"பையில எத்தனை வாலு?"
எண்ணிவிட்டுச் சிரித்தார்:
"அறுபத்து மூவரும்மா."
அன்று மட்டும்
சூத்திரத்தைக் கும்பிடத் தோன்றியது.

பிறகு ஐந்து நாள் அடைமழை.
வளையெல்லாம் தண்ணீர்.
அரை வேலியில் இருந்ததெல்லாம்
ஒரு முழ அகல வரப்புக்கு ஏறியது.
எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது,
நெருக்கம்தான்.
இரவெல்லாம் கீச்சுக் கீச்சென்று
ஒன்றை ஒன்று கடிக்கும் சத்தம்.

தையில் அறுவடை மெஷின் வந்தது.
எத்தனை உயிரைத் தாங்கும் இந்த வயல் என்று
மூன்று மாதம் கோடு வரைந்தேன், அது மேலேறி வளையும் வரை.
மத்தியானத்துக்குள்
தாளடி மட்டும் நின்றது.

மாசியில் ஆற்றுக்கு அக்கரை ஊரிலிருந்து
உளுந்துக் கொல்லையில் கிட்டி போட்டுவிட்டு வந்தவர்
ஒரே ஒரு தகடு நீட்டினார். முப்பத்தொன்று.
என் நோட்டில் முப்பத்தொன்றுக்கு நேரே
டிசம்பரிலேயே "இழப்பு" என்று இருந்தது.
செத்ததையும் போனதையும்
ஒரே கட்டத்தில்தான் எழுதுகிறோம்.
திரும்பி வராதது என்ற வகையில்
இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

"என் மச்சான் திருப்பூர் போனான்ல,
ஓட்டர் லிஸ்ட்ல செத்துட்டான்னு
பேரை எடுத்துட்டாங்க.
தீவாளிக்கு வந்து நின்னான்,
கறி எடுத்தோம்."

அந்தச் சொல்லை அடித்தேன்.
மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
அறுத்த வயலில், காலுக்கு ஓரடி தள்ளி,
ஒரு வளை வாய்.
தள்ளிய மண் இன்னும் ஈரமாக இருந்தது.