கிழிந்த இடம்

கிழிந்த இடத்தைக் காட்டினால் போதும்,
என்ன ஆட்டம் என்று நானே சொல்லிவிடுவேன்.

திதுபே சந்தைக்குப் பின்னால்
மெட்ரோ போகும்போதெல்லாம்
பொத்தான் டப்பா நடுங்கும் இந்த ஒற்றை அறையில்
பத்தொன்பது வருஷமாகத்
திபிலிசியின் மல்லர்களுக்கு ஒட்டுப்போடுகிறேன்.

கழுத்துப்பட்டை நைந்து அக்குள் வாய் பிளந்திருந்தால்
அது ஜூடோ. ஜும்பேருடையது.
கண் மூடித் திறப்பதற்குள் ஆளைத் தூக்கிக்
கூரையைக் காட்டிவிட்டுத் தரையில் வைப்பான்.
முதுகு விழும் அந்த ஒரு சத்தத்துக்குத்தான் அத்தனை பாடும்.
சத்தம் சரியாக வரவில்லை என்றால்
எழுந்திருக்கச் சொல்வாரா என்று நடுவர் முகத்தைப் பார்ப்பான்.
எதிராளி சட்டை போடாமல் வந்துவிட்டால்
கம்பி இல்லாத பஸ்ஸில் நிற்கிறவன் மாதிரி ஆகிவிடுவான்.

தோளில் சிறகு வைத்த சிவப்புச் சட்டை சாம்போ.
இடுப்புவார் நுழையும் துளைதான் முதலில் போகும்.
ரெவாஸ் கையில் ஒரு குதிகால் சிக்கினால்
அது அவனுடைய சொத்து.
கழுத்தை நெரிப்பது மட்டும் அவர்கள் விதியில் இல்லை.
அது உலகத்துக்கே விதி என்று நினைத்துக்கொண்டு
போன ஞாயிறு லெவானோடு புரண்டான்.
முகம் கத்தரிக்காய் நிறத்தில் எழுந்து வந்தான்.

லெவான் குரிச்சிபாவில் இரண்டு வருஷம் இருந்தவன்,
ஜியு-ஜித்சு.
அவன் சட்டையில் முதுகுதான் தேயும்.
மல்லாந்து விழுகிறவனுக்கு மீசையில் மண் ஏது?
கீழே கிடந்தபடியே காலால் கட்டி, கையால் பின்னி,
மேலே இருப்பவன் தான் ஜெயிப்பதாக நினைத்திருக்கும்போதே
தட்டவைத்துவிடுவான்.
ஆனால் அவனை யாராவது கீழே கொண்டுபோக வேண்டும்.
அவனாக உட்கார்ந்து வா வா என்றால்
ஜும்பேர் சிகரெட் பற்றவைக்கிறான்:
"ஜனவரியில், சந்தைக் கல்தரையில் உட்காருவாயா?"

சிதாவ்பாக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல.
குட்டைக் கைச் சட்டை, நெஞ்சு திறந்து,
வார்ப்பிடியில் வேரோடு பிடுங்குவார்கள்.
மத்தளக்காரர் சாப்பிடப் போனால் ஆட்டமும் போய்விடும்.

உஷாங்கி மட்டும் எதையும் தைக்கக் கொண்டுவந்ததில்லை.
ஃப்ரீஸ்டைல். பிடிக்கத் துணியே இல்லாத ஆட்டம்.
கிழிந்தால் காதுதான் கிழியும்,
அதற்கு என்னிடம் நூல் இல்லை.
இரண்டு காதும் வெந்த கின்காலி மாதிரி.
மழைத்தண்ணீர் போல எதிராளியின் காலுக்குள் புகுவான்,
தடுத்தால் மறுபடி, தடுத்தால் மறுபடி.
புகும்போது கழுத்தை முன்னால் அனுப்புகிறான்,
லெவானுக்கு அது தாம்பூலம் வைத்து அழைப்பது.
மல்லாந்து கிடப்பது அவனுக்குச் சாவு;
தூக்கத்தில்கூடக் குப்புறத்தான் என்கிறாள் மனைவி.
இஸ்திரிச் சூட்டுக்காக வருவான், மற்றவர்களோடு சண்டை பிடிப்பான்:
"சட்டையைப் பிடித்து இழுப்பது மல்யுத்தமா? வழக்காடுவது!"

நேற்றுக் கடை சாத்தும் நேரம்.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான்.
வெள்ளைத் துணி. பத்து வயசு அளவு.
மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"யாருடையது?"

"தெக்லேயுடையது. ஜூடோவில் சேர்ந்துவிட்டாள்,
என்னைக் கேட்கவில்லை."

கழுத்துப்பட்டையைப் பார்த்தேன், புதுசு.
அக்குள் ஒரு இழை பிரியவில்லை.
காற்சட்டையை விரித்தேன்.
இரண்டு முழங்காலும் தேய்ந்து ஓட்டை.

ஜூடோவில் யாருக்கும் அங்கே தேயாது.
நின்றபடி எதிராளியின் காலைப் பிடிப்பது அங்கே குற்றம்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான்:
"மூன்று தண்டனை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.
மூன்று தடவையும் காலைத்தான் பிடித்தாளாம்."

காது வரை சிவந்திருந்தான்.
எது வரை சிரிப்பு என்று தெரியவில்லை.

வாசலில் நின்று திரும்பினான்.
"லமாரா,
முழங்காலுக்கு இரட்டைத் துணி வை."