மலைக்குப் போய் வந்த சாமை

லீ பஜாரில் வாங்கியது.
இரண்டு கிலோ, நூற்றெண்பது ரூபாய்.
ரசீதில் கடைப்பையன் 'சாமி' என்று எழுதியிருந்தான்.
திருத்தச் சொல்ல நேரமில்லை.
வெயில் ஏறுவதற்குள் போகணும் என்று
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்றபடி
ஜெய்னுலாப்தீன் போன் மேல் போன் அடித்தான்,
கழுத்தில் இரண்டு கேமரா.

அடிவாரச் சோதனைச்சாவடியில்
"பிளாஸ்டிக் ஏதும் இருக்கா?" என்றார் காவலர்.
சாமை இருந்த உறையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.
பசுமை உணவகம் ஒன்றின்
மக்கள் தொடர்புக்குப் பொறுப்பானவள் நான்.

இருபது கொண்டை ஊசி.
மூன்றாவது வளைவில் தலைப்பு கிடைத்தது:
'மண்ணிலிருந்து நேராக உங்கள் இலைக்கு.'
ஒன்பதாவதில் 'நேராக' உறுத்தியது,
இந்த ரோட்டில் எதுதான் நேராக இறங்குகிறது?
பதினான்கில் ஜெய்னு வாந்தி எடுத்தான்.
அதற்கு மேல் வாசகம் எதுவும் வரவில்லை.

நாகலூர் தாண்டி,
தீர்த்தாயி தலைக்குக் குளித்துக் காத்திருந்தார்.
அவர் காட்டில் மிதிபட்ட தாள்தான் கிடந்தது.
ஐப்பசியில் காட்டெருமை இறங்கி
இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டுப் போயிருந்தது.
"ஏழு உருப்படி. குட்டி ஒண்ணு வேற" என்றார்,
பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணிச் சொல்வதுபோல.

ஆகவே பக்கத்து எஸ்டேட்டில்,
சவுக்கு மரத்தில் மிளகு ஏறிய இடமாகப் பார்த்து
அவரை நிறுத்தினோம். முறத்தில்
என் லீ பஜார் சாமை.
ஒரு கை அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.
"இது எங்கூட்டுது இல்லையே கண்ணு,
கல்லு கெடக்குது பாரு."
"அப்படியே அக்கா! அந்தப் பார்வைதான்!
நிமிராதீங்க" என்றான் ஜெய்னு.

பேர்லேண்ட்ஸில் உணவகத்துச் சுவரில்
பன்னிரண்டு அடி உயரத்துக்கு இப்போது அதுதான்:
கல் பொறுக்கும் முகம்.
கீழே நான் எழுதிய வரி,
'மண்ணோடு பேசுகிறவர்.'

கிளம்பும்போது சாமையை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
உறையின் வாயை முடிந்து திருப்பித் தந்தார்.
"அடுத்த வருசம் வெளைஞ்சா நான் குடுக்கறேன்.
அப்ப வந்து இன்னொருக்காப் படம் புடி."

அது இறங்கியது, இருபது வளைவும், என் மடியில்.
முதலாளி சுகவனம் கண்ணாடி ஜாடியில் கொட்டி
கல்லாப் பக்கம் வைத்தார்,
சீட்டு ஒட்டினார்: சேர்வராயன் மலைச் சாமை.
"மலையிலிருந்துதானே வந்துச்சு?"

கெட்டவர் இல்லை சுகவனம்.
காய்த்தோலை மக்கவைத்து
வாரம் ஒருமுறை தானே டிவிஎஸ்ஸில் ஏற்றிப் போவார்,
அக்கம்பக்கத்து மூக்குகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே.
விளைகிற வருடங்களில்
தீர்த்தாயி கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தவர்.
கடன் இருக்கிறது. திறப்புவிழா தையில்.

விழாவில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.
சாமைப் பொங்கலை நிருபர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள்.
ஒரு பெண் மட்டும், பேனாவை மூடிவிட்டு,
சுவரைக் காட்டிக் கேட்டாள்:
"அந்தம்மா வந்திருக்காங்களா?"

அழைப்பிதழ் எழுதியது நான்.
எண்பத்து நான்கு பெயர்.
வளைகாப்புக்கு அடுக்குவதுபோல அடுக்கினேன்,
மேயர் அலுவலகம், சுழற்சங்கம்,
ஒரு யூடியூப்காரனின் மாமியார் உட்பட.

ராத்திரி ஒன்றரைக்கு எழுதினேன்.
பத்திரிகைச் செய்தி, திருத்தியது:

இந்த வருடம் மலையில் எங்களுக்கு சாமை இல்லை.
ஏழு காட்டெருமை, ஒரு குட்டி.
உங்கள் இலையில் இருப்பது லீ பஜார் சாமை.
கல் பொறுக்கப்பட்டது.

அனுப்பும் முன் சுகவனத்துக்குக் காட்டினேன்.
பாதி நாற்காலிகளைக் கவிழ்த்திருந்தார்,
ஒன்றில் மட்டும் உட்கார்ந்து படித்தார்.
இன்னொரு முறை படித்தார்.
சுவரைப் பார்க்கவில்லை.
வேலை போயிற்று என்று நினைத்தேன்,
பையில் சார்ஜரைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

"கடைசி வரி தப்பு" என்றார்.
"கல்லு பாதிதான் பொறுக்கினோம்."

திருத்தினேன்.