ஊதா மூடி

காலை ஏழரைக்கு முதல் கை நீள்கிறது.
சல்லியிலிருந்து வந்த தயாநிதி.
கட்டிலில் ஏறச் சொன்னால் எழும்பிப் போய்விடுவேன் என்று
வாசலிலேயே சொல்லிவிட்டாள்.
"கைதானே, எடுங்க."

கை தருவதில் யாருக்கும் வெட்கமில்லை.
சூரை வெட்டி உப்பேறிய கை,
மாவு ஆலையில் சாக்குத் தைத்த கை,
கிண்ணியாவிலிருந்து வந்து
கறுப்பு உறையை விரல் விரலாய்க் கழற்றி நீட்டிய கை.
திரைச்சீலைக்குப் பின்னால்
ஒரு விளக்கும் தாராவின் அலகு போன்ற கருவியும்
காத்துக்கொண்டிருக்கின்றன.
அங்கே போகாதவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஊதா மூடிக் குழாயை எட்டு முறை
கவிழ்த்து நிமிர்த்துவேன்.
சுழலியில் பத்து நிமிடம்.
செம்மை கீழே படிய
மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிவு.
அதற்குள் ஒரு சொல் இருக்கலாம் என்கிறார்கள்:
ஒரு புரதம், அல்லது மரபிழையின் கிழிசல்,
கருப்பைக் கழுத்தில் ஏதோவொரு கலம்
கோணலாய் யோசிக்கத் தொடங்கியதும்
இரத்தத்தில் வந்து விழும் சொல்.
நானூறு பெண்கள் வேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டது.
ஒருத்தியின் சம்மதப் படிவத்தை
வாசலில் நின்ற மான் தின்றுவிட்டது.
இன்னொரு தாளில் கையெழுத்து வைத்தபடி சொன்னாள்,
மானுக்கும் சம்மதமாம்.

இரவு ரயிலில் குழாய்கள் கொழும்புக்குப் போகும்.
றெஜிபோம் பெட்டி, ஐஸ்,
பக்கத்தில் அதே அளவில் மீன் பெட்டிகள்.
"மீன் அல்ல" என்று
மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுவது என் வேலை.

ஒப்பீட்டுக்கு, நோயில்லாதவர்கள் குறைந்தார்கள்.
என் கையை நானே நீட்டினேன்.
நோயில்லை என்று சொல்வதற்கும்
திரைக்குப் பின்னால் போய்த்தான் ஆகவேண்டுமாம்.
முப்பத்தைந்தில் மிட்வைஃப் றிஸ்வியா தந்த துண்டு
இரண்டு வருடமாய் என் கைப்பையில்
பஸ் டிக்கெட்டுகளோடு நைந்துகொண்டிருந்தது.
போனேன்.
கூரையில் நாற்பத்தொரு ஆணி.

என் இரத்தம் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லா எண்களும் கோட்டுக்குக் கீழே,
வகுப்பில் கைகட்டி இருக்கும் பிள்ளைகள் போல.
கண்ணாடித் தகட்டில் தேய்த்த கலங்களும்
பிறகு கிள்ளியெடுத்த சிறு துணுக்கும்தான் சொல்லின:
கோணல் இருக்கிறது, இரண்டாம் படி,
இன்னும் புற்று ஆகவில்லை.

அன்று பின்னேரம் உட்துறைமுகப் பக்கம்
பஸ்ஸுக்கு நின்றேன்.
வெளிக்கடலில் இருந்து பார்ப்பவனுக்கு
இதற்குள் எத்தனை கப்பல் என்று தெரியாது.
அதற்காகத்தானே இத்தனை கொடிகள்
இதற்கு அடிபட்டன.
மெல்லிய சுவருக்கு உட்புறம்
நங்கூரமிட்டு நிற்பதை
இரத்தம் எப்படி அறியும்?
சுவர் உடைந்த பிறகு சொல்வதில்
அது கெட்டிக்காரி.

குறை சொல்லவில்லை.
அதற்கு இன்னும் கூரிய காது செய்கிறார்கள்,
நானும்தான் செய்கிறேன், பத்துப் பத்துக் குழாயாய்.
ஒருநாள் ஒரு துளி போதும் என்று வரலாம்.
அதுவரை?

சுட்டெடுத்தார்கள். இருபது நிமிடம்.
வீட்டில் "பயிற்சி வகுப்பு" என்றேன்.
கருகிய வாசத்தை மட்டும்
இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இன்று தயாநிதி முடிவு கேட்டு வந்திருக்கிறாள்.
"ஒண்டும் இல்லத்தானே?"
"இரத்தத்தில் ஒன்றுமில்லை."
முதற் சொல்லை நான் அழுத்தியதை
அவள் பிடித்துக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் திரைச்சீலையைப் பார்த்தாள்.

"நீங்க போனீங்களா?"
"போனேன்."
"அது குளிருமாமே?"
"சூடாக்கித் தரச் சொல்றன்.
கண்ணியாவில எந்தக் கிணத்துச் சூடு வேணும்?"

சிரிக்கவில்லை.
பையை மடியிலிருந்து எடுத்து
பக்கத்துக் கதிரையில் வைத்தாள்,
பிறகு திரும்ப எடுத்து,
திறப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு,
மறுபடி வைத்தாள்.