பேன் பார்த்தல்

பத்தரைக்கு விசில்.
முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
பாலை மரத்தடிக்கு வருகிறோம், பதினொரு பெண்கள்.
நெஞ்சுக் கவசத்தைக் கழற்றினால்
முதுகில் வேர்வை இன்னொரு கவசம்.
மரியகொறற்றி தலைத்துணியை அவிழ்த்து
என் மடியில் சாய்கிறாள்:
"கடிக்குதடி. ஒருக்காப் பார்."

காலையிலிருந்து எனக்கு அகப்பட்டவை
மூன்று மீன்ரின் மூடி,
ஒரு சைக்கிள் மணி, சின்னக் காப்பில் பாதி.
ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம்
குழந்தையின் காதைத் துடைக்கிறமாதிரி
மண்ணைத் துடைத்தேன்.
வெடி அகப்படவில்லை.
அகப்படாத நாளிலும் கை அதே கைதான்.

வற்றாப்பளைக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.
நகரத்தை எரித்தவள் கடல் தாண்டி வந்தாள் என்று.
மேடை ஏறுகிறவர்கள் எரித்ததோடு நிறுத்திவிடுவார்கள்.
மகளிர் தினத்துக்கு வந்த ஐயா
"நீங்கள் ஒவ்வொருவரும் நெருப்பு" என்றார்,
சோடா குடித்துக்கொண்டு.
நெருப்பைப் பற்றி
எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டார்.

எனக்கு வேண்டியது மிச்சப் பாதி.
எரித்து முடித்தவள்
நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கும் பெடியளிடம்
கிழவியாக வந்து நிற்கிறாள்.
பசிக்குது என்கிறாள்.
விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும்
கடல்தண்ணியை அள்ளி ஊற்றுங்கோ என்கிறாள்.
எரிகிறது.
பிறகு,
தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்கிறாள்.

இதைத்தான் பல வருடம் யோசித்தேன்.
ஒரு நகரைச் சாம்பலாக்கின கை
தன் தலையைக் குனிந்து
இன்னொருவர் விரலைக் கேட்டது.

செட்டிகுளம் முகாமில்
தண்ணிக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை.
நாற்பது நாள் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை.
பக்கத்துக் கூடாரத்துச் சிவமலர்
கேட்காமலே என் தலையை இழுத்து
மடியில் போட்டாள்.
நகத்தில் ஈர் குத்துகிற சத்தம்.
டிக்.
டிக்.
ஒரு சத்தத்துக்கு
நான் திடுக்கிடாத முதல் நாள் அது.
சிவமலர் இப்போது எங்கே என்று தெரியாது.

கதையில், மயிரை விலக்கின பெடியன்
தலை நிறையக் கண்களைக் கண்டான்.
ஆயிரம் கண்.
பயந்து கத்தினான். அவள் மறைந்துபோனாள்.
மாடு மேய்க்கிற பிள்ளை, என்ன செய்வான்.
ஒரு பெண் பார்த்திருந்தால் கத்தியிருக்கமாட்டாள்.
"இவ்வளவத்தையும் பாத்தனியோ" என்று
ஒவ்வொரு கண்ணாய்ப் பீளை துடைத்து,
நித்திரைக்கு அழுகிற கண்களை மூடிவிட்டு,
மூட மறுத்தவற்றைப் பின்னலுக்கு வெளியே விட்டு
வகிடெடுத்துக் கட்டியிருப்பாள்.
அவள் போயிருக்கவே மாட்டாள்.

இதைச் சொன்னால் மரியகொறற்றி சிரிக்கிறாள்.
"எங்கட மடு மாதாவுக்கும் பேன் பிடிச்சிருக்கும்,
காட்டுக்குள்ள கொண்டு ஓடேக்க."
"சிலைக்கோடி?"
"பின்ன? எத்தின நாள் ஓடினது?
நீ கதையை விட்டிட்டுப் பேனைப் பிடி."

வகிட்டுக்கு இடப்பக்கம், தோலுக்கடியில்,
அரிசியளவு ஷெல் துண்டு.
கிட்டக் குனிந்தால் இவளுக்கே மெஷின் கத்தும் என்று
லைனில் எல்லாரும் பகிடி பண்ணுவார்கள்.
என் விரல் அதில் நிற்கிறது.
"இஞ்ச ஒண்டு இருக்கு" என்கிறேன்.
"பேனோ?"
"கண்."
கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தாள்.
"முழிச்சிருக்கோ?"
"ஓம்."
"அப்ப இருக்கட்டும்."

விசில்.
அவளுக்குத் தலைத்துணியை நான் கட்டினேன்,
எனக்கு அவள்.
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழந்தாளிட்டு
மெஷினை மெல்ல வீசினேன்.
சத்தமில்லை. திரும்பவும் வீசினேன். சத்தமில்லை.
சிவப்புத் தலைத் தடியைத் தூக்கி
ஒரு சாண் முன்னுக்கு வைத்தேன்.