மறுமாதிரி

மைனஸ் முப்பத்தொன்று.
பேனா எழுதவில்லை.
குழாய்ச் சீட்டில் பென்சிலால் கிறுக்கினேன்:
செரென்ஹந்த், ஐம்பத்தாறு, பெண்.
விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி, ஆடுமாடு உண்டு.

ஆடுமாடு உண்டா என்று எங்கள் படிவத்தில்
ஒரு கட்டமே இருக்கிறது.
மங்கோலியாவின் இந்த மூலையில்
அது காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தடுக்கு உடை.
ஒவ்வொன்றாய் ஒதுக்கி முழங்கை வந்தது,
நாளம் வரவில்லை.
ரப்பர் பட்டையை இறுக்கினேன். தட்டினேன்.
வளைக்குள் எலிபோல
விரலடியில் தட்டுப்பட்டு நழுவியது.

முதல் குத்து வெறும் குத்து.
இரண்டாவதில் ஒரு துளி
எட்டிப் பார்த்துத் திரும்பிப் போனது.
மன்னியுங்கள் என்றேன்.
"குதிரைக்கு நான் கழுத்தில் குத்துவேன்.
ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.
பேசாமல் குத்து."

உப்புத் தேநீர்க் கிண்ணத்தை
இரு கையாலும் பொத்திக்கொள்ளச் சொன்னேன்.
வானொலியில் கம்பளி விலை ஓடி முடியும்வரை
இருவரும் காத்திருந்தோம்.
பிறகு வந்தது,
கருஞ்சிவப்பாய், அவசரமே இல்லாமல்.

ஆய்வுக்கூடம் நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர்.
உறைந்தால் வீண் என்று சொல்லியிருந்தேன்.
ஓட்டுநர் கோன்சிக் மூன்று குழாய்களை
ஒரு காலுறைக்குள் போட்டு
சட்டைக்குள், நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.
"மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள்,
மெல்லத்தான் போவேன்."

ஒன்பதாம் நாள் தாள் வந்தது:
மாதிரி சிதைந்தது. மீண்டும் எடுக்கவும்.

கணவாயில் அச்சு முறிந்ததாம்.
வண்டிக்கடியில் குப்புறப் படுக்க வேண்டியிருந்ததாம்.
"கண்ணாடி நொறுங்கிவிடுமே என்று
இருக்கையில் கழற்றி வைத்தேன்."
இரண்டு மணி நேரம்.
அவனிடம் நான் என்ன சொல்ல.

அவள் குளிர்கால முகாமுக்கு நானே போனேன்.
நாய்கள் முதலில் வந்தன.
பட்டியோரம் பனியில்
மாதம் நிறையாத குட்டிகள் மூன்று,
ஈரம் உறைந்து, வரிசையாக.
முழங்கைவரை வெறுங்கையோடு
நான்காவதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடம் இன்னும் சொல்லவில்லை.
நான் கையுறைப் பெட்டியை
முழுதாக அவளிடம் நீட்டினேன்.
அதை ஓரமாக வைத்துவிட்டு
பனியில் கை தேய்த்துக் கழுவினாள்.

"இந்த முறை இடது கை" என்றாள்,
"வலதில் வேலை இருக்கிறது."

வாசலில் கோன்சிக்
யாரும் சொல்லாமலே
சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.