நூற்று நாற்பது

ஒபிஹிரோவில் ஜனவரி என்றால்
சர்க்கரைக்கிழங்கு ஆலையின் ஆவி
வெந்த மண் வாசனையோடு வந்து
பயிற்சிக்கூடச் சன்னலில் உறையும்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே
தொமோயோவின் இடது தொடை உச்சியில்
பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாலு விரல் அகலம், கருப்பு நைலான்,
உள்ளே காற்றுப்பை.
கையில் எலுமிச்சை அளவு ரப்பர் பந்து.
அழுத்த அழுத்த முள் நகர்கிறது.
அறுபது. தொண்ணூறு. நூற்றிருபது.
நூற்று நாற்பதில் நிறுத்தவும் என்று
சுவரில் சிவப்பு மையில்
குராமொச்சி எழுதி ஒட்டியிருக்கிறார்.

உள்ளே போகும் ரத்தத்தை விட்டுவிடும் பட்டை,
திரும்பி வருவதைத்தான் மறிக்கும்.
சிரை சிறையாகிறது.
தொடை மெல்ல மெல்ல
பிளம் பழ நிறத்துக்கு வருகிறது.

காலில் மாட்டியிருப்பது பன்னிரண்டு கிலோ.
போன வருடம் நூற்றுப் பத்தைத் தோளில் ஏற்றி
உட்கார்ந்து எழுந்தவளுக்கு
பன்னிரண்டு.
முப்பது முறை நீட்டி மடக்கு.
முப்பது நொடி ஓய்வு, பட்டை அவிழாது.
பிறகு பதினைந்து. பிறகு பதினைந்து.
இரண்டாம் சுற்றின் பாதியிலேயே
பன்னிரண்டு கிலோ பொய் பேசத் தொடங்கும்:
நான் எண்பது, நான் நூறு.
தசை நம்பும்.
நம்பித்தான் வளரும்.
முட்டியில் தைத்த புது நார்
பாரம் தாங்காது இப்போதைக்கு,
பொய் மட்டும் தாங்கும்.

ஒவ்வொரு ஓய்விலும்
அவள் முட்டிக்கு மேலே என் கட்டைவிரலை அழுத்தி எடுப்பேன்.
வெள்ளையாய் ஒரு வட்டம்.
அது சிவக்க இரண்டு நொடி ஆகலாம்.
மூன்றைத் தாண்டினால் காற்றை இறக்கு,
இதுவும் சுவரில் இருக்கிறது.

சுவரில் இல்லாதது:
எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அறுவை மருத்துவர்.
அவளுக்கு இடது முட்டி, எனக்கு வலது.
ஐந்நூறு மீட்டர் பனிச்சறுக்கில்
மார்ச் மாதத்துக்கு
ஓர் இடம்தான் மிச்சம்.

"இன்னும் ஏற்று" என்றாள் நான்காம் சுற்றில்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
குராமொச்சி வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார்.
மண்வெட்டி கல்லில் உரசும் சத்தம்.
அழுத்தினேன்.
ஒரே ஒரு முறை.
நூற்று ஐம்பத்திரண்டு.

அவள் கேட்டதற்காகவா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
முள்ளுக்கு எண் மட்டும்தான் தெரியும்.

கட்டைவிரலை எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
வட்டம் அப்படியே இருந்தது.
நான்கு.
திருகைத் திறந்துவிட்டேன்.

மடை உடைந்த மாதிரி
கெண்டைக்கால் வரை ஓடியது சிவப்பு.
தொமோயோ தலையைப் பின்னால் சாய்த்து
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தாள்.
பாதம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.
வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்து என் முறை.
அவள் சுற்றினாள், அழுத்தினாள்.
நூற்று நாற்பதில் கை நின்றது.
முள்ளைப் பார்க்கவே இல்லை அவள்,
என் முகத்தைத்தான் பார்த்தாள்.
"ஏற்று" என்றேன்.
"உனக்கு இது போதும்."

அந்த நான்கு சொல்லை
பிப்ரவரி முழுக்க மென்றேன்.
அக்கறையா அவமானமா,
எந்தப் பக்கம் கடித்தாலும்
வேறு ருசி.

மார்ச்சில் ஒரே ஜோடியாக ஓடினோம்.
நூற்றில் நான்கு பங்கு நொடி
அவள் முந்தினாள்.
நார்வே போகும் விமானத்தில் அவள் ஏறிய அன்று
பட்டைகள் இரண்டையும் துவைத்துக் காயப்போட்டேன்.

ஏப்ரலில் ஆலை ஓடுவதில்லை.
சன்னலில் எந்த வாசனையும் இல்லை.
என் தொடையில் நானே சுற்றி
நானே அழுத்தி
நூற்று நாற்பதில் நிறுத்துகிறேன்.
கட்டைவிரல் எடுத்த இடத்தில்
சின்ன வெள்ளை நாணயம்.
ஒன்று.
இரண்டு.
சிவந்துவிட்டது.

கால் நீளுகிறது, மடங்குகிறது.
பதினேழா பதினெட்டா
நடுவில் எங்கோ விட்டுவிட்டேன்.
எண்ணுகிறவள் இங்கே இல்லை.
மறுபடியும்
ஒன்றிலிருந்து.