தொடர்ச்சிக் குறிப்பேடு

கோப்பையில் தேநீர் பாதி.
இடது காதோரம் ஒரு கற்றை விலகியிருக்கிறது.
சங்கிலியின் கொக்கி பிடரிக்குப் பின்னால்தான், சரி.
என் வேலை இவ்வளவே:
செவ்வாய்க்கிழமை அழுதவள்
வெள்ளிக்கிழமை அதே அழுகையை
அதே கன்னத்தில் தொடர்கிறாளா என்று பார்ப்பது.

பெரிவான் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது.
தியார்பக்கிரிலிருந்து இஸ்தான்புல்லுக்கு
பேருந்தில் இருபது மணி நேரம்.
பெட்டிக்குள் இரண்டு சட்டை,
அம்மா கோத்துக் கொடுத்த காய்ந்த கத்தரிக்காய்ச் சரம்.
தயாரிப்பாளர் அவள் பெயரை இருமுறை சொல்லிப் பார்த்தார்,
சோற்றில் கல் கடித்தவர் மாதிரி.
மூன்றாம் முறை அவள் தெரின் ஆகியிருந்தாள்.
ஆழம் என்று பொருள்.
ஏட்டில் அடித்துவிட்டு எழுதினேன்.
மை காயுமுன் மூடியதில்
எதிர்ப்பக்கத்தில் தலைகீழாய் ஒட்டிக்கொண்டது
பழைய பெயர்.

பொஸ்போரஸ் கரையில் வாடகை மாளிகை.
வாரம் ஒரு பகுதி, ஒரு பகுதி இரண்டரை மணி நேரம்.
ஆறு நாள் அவள் அந்த வீட்டு மருமகள்.
ஏழாம் நாள் யாரும் இல்லை, தூங்குவாள்.
கதையில் அவளுக்குப் பட்டு மெத்தை.
விளக்குப் பெட்டிகளுக்கு நடுவே
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு
சுருண்டு கிடப்பாள், வாய் லேசாகத் திறந்து,
வலது கை கன்னத்துக்கு அடியில்.
தட்டி எழுப்பினால்
"இப்போ நான் அழுதாச்சா, இனிமேதானா?" என்பாள்.

அவள் ஊர்ப் பேச்சைக்
கேமரா கேட்டதே இல்லை.
ஒரே ஒரு தடவை, பதினாறாம் பகுதியில்,
கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது
தாயே என்றாள், அவள் மொழியில்.
ஒலிப்பதிவாளர் வெட்டிவிட்டார்.
நான் நேரம் மட்டும் குறித்தேன்: இரவு 2.40.

கடிகோய் படகில் ஒரு பெண்மணி
அவள் கையைப் பிடித்துக்கொண்டு
"அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிடு மகளே" என்று
தேம்பித் தேம்பி அழுதாளாம்.
"கரை வரும்வரை நான்தான் தேற்றினேன்,
என்ன செய்ய, மருமகளாகவே பேசினேன்" என்று
மேக்கப் நாற்காலியில் சிரித்தாள் தெரின்.
சிரிப்பில் புருவப் பூச்சு கலைந்து
ஒப்பனைக்காரி நெர்மினிடம் திட்டு வாங்கினாள்.

காலை பத்து மணிக்கு எண்கள் வரும்.
எண்கள் ஏறின. அவள் கேட்டதெல்லாம்
நாளுக்குப் பதினாறு மணி நேரம்
பன்னிரண்டாகட்டும் என்பது.
கேட்டவள் சின்னப் பெண். கேட்ட நேரம்
எண்கள் கொஞ்சம் இறங்கிய வாரம்.

நாற்பத்தேழாம் பகுதி: மலைப்பாதை, மழை,
பிரேக் பிடிக்காத கார்.
சாவதற்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை.
அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு
வேறொருத்தி ஸ்டியரிங்கில் சாய்ந்தாள்.
கோட்டின் மூன்றாம் பொத்தான் கழன்றிருக்க வேண்டும்,
கழன்றிருந்தது. டிக் போட்டேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் இறுதிச் சடங்கு எடுத்த அன்று
சம்பள பாக்கிக்காக வந்திருந்தாள்.
கல்மேல் பெட்டி. பெட்டிமேல் அவள் முக்காடு.
துக்கத்துக்கு வந்த எல்லோர் மார்பிலும்
ஊசி குத்திய அவள் படம்.
எனக்குப் பின்னால் நின்று
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பார்த்தாள்.
பிறகு குனிந்து, என் காதில்:
"அந்தக் காதணியை நான்
முப்பதாம் பகுதியிலேயே கடலில் எறிஞ்சாச்சே."

புரட்டிப் பார்த்தேன். எறிந்துதான் இருந்தாள்.
காதணியோடு கூடிய அந்தப் படத்தோடு
நாடே அழுதது.
ஒரு கடிதம் வரவில்லை, ஒரு புகார் இல்லை.
மூன்று வருட வேலையில்
நான் தவறவிட்டது அது ஒன்று.

இப்போது கரக்கோய் படகுத்துறையில்
மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மெத்தை விளம்பரம்.
வெள்ளை உறையில் மல்லாந்து,
உதடு மூடி, கை இரண்டும் விரிந்து
தூங்குகிறாள்.
சிமித் கடிக்கிற கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டுப்
படகுக்கு ஓடுகிறது.
நான் பேனாவைத் தேடுகிறேன்.

கை தவறு.
வாய் தவறு.